காலில் ஒரு வெள்ளை வார்

என் கால்கள் அழகானவை என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம் பார்க்கும். மற்ற நான்கும் அதோடு பேச்சுவார்த்தை இல்லாதவை போல வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் மேசைக்குப் பின்னால் நிற்கிறவனின் காலை எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? இடுப்புக்கு மேலே சட்டை சுத்தமாக இருந்தால் போதும். இந்தத் தைரியத்தில்தான் ஐம்பத்தெட்டு வயதுவரை ஓட்டினேன்.

பிறகு என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையனுக்கு ஈப்போவில் வேலை, அவனுடைய பெற்றோர் பாகான் டத்தோவில். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் எண்ணெய்க்குச் செம்பனை என்று வாழ்கிற குடும்பம். நிச்சயதார்த்தம் முடிந்து மண்டபமும் பேசியாகிவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகம் வெட்டக் குனிந்தேன். இரண்டு கால்களிலும் கட்டைவிரல் இடுக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. சுண்ணாம்பு என்று நினைத்து எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அதன் பிறகு கடையில் சங்கிலிக் கறை எடுக்கிற பிரஷ்ஷைக் கொண்டுவந்து தேய்த்தேன். கறுப்புத் தோல்தான் எரிந்தது. வெள்ளை அப்படியே இருந்தது.

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வெண்குஷ்டம். அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், பக்கத்து நாற்காலிக்குச் சாய்ந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். “அந்த வீட்டுல அவரு காலுல இருக்காம்” என்று ஆரம்பித்தால், பந்தி முடிவதற்குள் அந்த வீட்டில் இன்னும் பிறக்காத பிள்ளை வரை எல்லாருக்கும் அது வந்துவிடும்.

சரி, காலில்தானே, மறைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று மாலையே மண்டபத்துக்காரர் அனுப்பிய காணொளி ஒன்றை என் மனைவி கைப்பேசியில் காட்டினாள். அங்கே நடந்த வேறு யாருடைய கல்யாணமோ அது. மணமக்கள் பெற்றோரின் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்து, பாலூற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துப் பூப்போடுகிறார்கள். பாத பூஜை. அதை மேடைக்குப் பின்னால் சுவர் அளவு திரையில் பெரிதாக்கி வேறு காட்டுகிறார்கள். அந்தப் பெரியவரின் கட்டைவிரல் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருந்தது.

“நமக்கும் இதே மாதிரி ஸ்கிரீன் போடச் சொல்லியிருக்கேன்” என்றாள் மனைவி. “கடைசி வரிசையில ஒக்காந்தவங்களுக்கும் நல்லாத் தெரியணும்ல?”

நான் காபியை வைத்துவிட்டு, கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டுக்குள் சிலிப்பர் போட ஆரம்பித்தேன். சிலிப்பர் என்றால் ஜப்பான் சிலிப்பர். கட்டைவிரல் இடுக்கில் மாட்டி, இரண்டு வாராகப் பிரிகிற ரப்பர் செருப்பு. கடைக்குப் போவதும் அதில்தான், கோயில் வாசல்வரை போவதும் அதில்தான். அதன் வார், புள்ளி இருந்த இடத்தைக் கச்சிதமாக மறைத்தது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மனைவி மெச்சவில்லை.

“என்னங்க இது, வீட்டுக்குள்ள சிலிப்பரு? மொழுகித் தொடச்ச தரை இது!”

“குதிகால் வலி. தரை குளிருது.”

“இந்த வேக்காட்டுலயா குளிருது? சாமி ரூம் பக்கம் அதோட வந்தீங்க, பாத்துக்கிங்க.”

படுக்கும்போது காலுறை. எங்கள் பக்கத்துப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, இரவில் காலுறையோடு தூங்குவது என்ன தண்டனை என்று விளக்க வேண்டியதில்லை. காலை எழுந்ததும் குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பார்ப்பேன். குறைந்திருக்கும் என்று தினமும் ஒரு நம்பிக்கை. மாறாக, இடுக்கில் இருந்த புள்ளி மெல்ல வெளியே வந்து, புறங்காலில் இடமும் வலமுமாகப் பிரிந்து ஏறியது. நான் இன்னும் இறுக்கமாக வார் பிடிக்கிற புது ஜோடி ஒன்றை வாங்கினேன்.

இந்த உலகத்தில் என் காலை முதலில் பார்த்தவன் பக்கத்து டயர்க் கடைக்காரன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, கடையின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். அவன் டயரில் ஓட்டை தேடுவதைப்போல் குனிந்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அட, இது பானாவ் லா மச்சான்! தேமல்! இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்க. லெங்குவாஸ நறுக்கித் தேய்ச்சா ஓடிரும்.”

லெங்குவாஸ் என்பது ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறிக்குப் போடுகிற, இஞ்சி மாதிரியான கிழங்கு. மலாய்க்காரர்கள் தேமலுக்கு அதைத் தேய்ப்பதுண்டு. நான் ஒரு நாளைக்கு ஒரு முறை தேய்க்க வேண்டியதை மூன்று முறை தேய்த்தேன், கல்யாணம் நெருங்குகிறதல்லவா. நான்காம் நாள் கால் சிவந்து, கொப்பளித்து, ரெண்டாங் வாசனையோடு எரிந்தது. கூட்டாளி கலங்கவில்லை. இரவுச் சந்தையில் வாங்கிய, பெயர் ஒட்டாத ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினான்.

“எனக்குத் தொடை இடுக்குல குராப் வந்துச்சில்ல, படை, வட்ட வட்டமா? இதத்தான் போட்டேன். ரெண்டே நாளு, காணோம்!”

“இப்ப?”

“இப்ப மறுபடியும் வந்திருக்கு. முன்னவிடப் பெருசா. அது வேற கதை லா.”

அந்த வேறு கதையைக் கேட்ட பிறகும் நான் அதை வாங்கிப் பூசினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். பயந்தவனின் காலில் எதை வேண்டுமானாலும் பூசலாம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே வேறு வழி பார்த்தேன். காலைச் சரிசெய்ய முடியாவிட்டால் பூஜையை நிறுத்திவிடுவது. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில், மிக இயல்பாகப் பேசுகிற பாவனையில், “இந்தப் பாத பூஜையெல்லாம் இந்தக் காலத்துக்குத் தேவையா? விட்டுறலாமே” என்றேன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் தட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு அவரப் புடிக்கலியா?”

“சே, சே, யாரு சொன்னா?”

“ஒரு மாசமா ஒழுங்கா பேசறதில்ல. அவரு வீட்டுக்கு வந்தா ஓரமாப் போயி ஒக்காந்துக்கிறீங்க, காலக்கூட உள்ள இழுத்துக்கிறீங்க. இப்ப எங்க கையால பூஜையும் வேணாங்கிறீங்க. புடிக்கலன்னா நேராச் சொல்லுங்கப்பா.”

அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. மாப்பிள்ளை வந்தபோதெல்லாம் நான் நாற்காலிக்கு அடியில் கால்களைச் செருகிக்கொண்டதை அவள் கவனித்திருக்கிறாள். கவனித்து, இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறாள். மேசைக்கு அடியிலிருந்த காலை எடுத்து, சிலிப்பரைக் கழற்றி, பக்கத்து நாற்காலிமேல் தூக்கி வைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் செய்யக்கூடிய காரியமில்லைதான்.

சிலிப்பரைக் கழற்றியும் ஒரு சிலிப்பர் மிச்சமிருந்தது. அதே இடம், அதே அகலம், ஆனால் வெள்ளை நிறம்.

மனைவி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, கல்யாணத்த வச்சிக்கிட்டு…” என்று மட்டும் சொன்னாள். மகள்தான் முதலில் மூச்சு விட்டாள். “இதுக்கா? இதுக்காப்பா இவ்ளோ நாளா?” என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டுவிட்டு, அடுத்த நாளே என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கடிதம் கொடுத்து, ஈப்போ ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

தோல் பிரிவின் காத்திருப்பு அறையில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லாரும் ஒருவர் தோலை ஒருவர் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள், பார்த்தது தெரிந்ததும் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். என் காலுறைக்குள் என்ன இருக்கும் என்று எதிரே இருந்த சீனக் கிழவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் தொப்பிக்குள் என்ன இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் எங்கள் ஊர்த் தமிழ்ப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். காலைக் காட்டியதும் முகம் சுளிக்கவில்லை, அதுவே எனக்குப் பாதி வைத்தியம். கண்ணை மூடச் சொன்னார். பஞ்சுத் திரியால் அங்கங்கே தொட்டு, “தெரியுதா அங்கிள்? இங்க?” என்று கேட்டார். வெள்ளை இடத்திலும் கூச்சம் தெரிந்தது.

“உணர்ச்சி இருக்கு. அப்ப இது தொழுநோய் இல்ல. வெண்குஷ்டம்னு ஒரு பேர வச்சி பயமுறுத்தி வச்சிருக்காங்க. அதுக்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.”

பிறகு கொஞ்சம் தோலைச் சுரண்டி எடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார். இல்லை. ஆக தேமலும் இல்லை, படையும் இல்லை. லெங்குவாஸைப் பற்றிச் சொன்னபோது உதட்டைக் கடித்துக்கொண்டார். பெயரில்லாத டப்பாவைப் பற்றிச் சொன்னபோது கடிக்கவில்லை, திட்டினார்.

“அதுல ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க அங்கிள். படை மேல போட்டா அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனா பூஞ்சை சாகாது, உள்ளயே நல்லாப் பரவும். தோலும் மெலிஞ்சி போகும். உங்க பிரண்ட உடனே வந்து காட்டச் சொல்லுங்க.”

விளக்கை அணைத்து, ஒரு நீல விளக்கைக் காலில் பிடித்தார். இருட்டில் என் இரண்டு கால்களிலும் இரண்டு வார்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. விளக்கைப் போட்டதும் கேட்டார்.

“வீட்டுலேர்ந்து எதப் போட்டுக்கிட்டு வந்தீங்க?”

“ஷூ, டாக்டர். ஆஸ்பத்திரின்னு போட்டேன். எப்பவும் ஜப்பான் சிலிப்பர்தான்.”

“எவ்ளோ நேரம் போடுவீங்க?”

“கடையில நாள் பூரா. இப்ப ஒரு மாசமா வீட்டுக்குள்ளயும்.”

“வீட்டுக்குள்ள எதுக்கு?”

“இத மறைக்கத்தான்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் மகள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. கடைசியில் டாக்டர் விரலால் என் காலில் அந்த வெள்ளையின் ஓரமாகக் கோடு இழுத்துக் காட்டினார். இடுக்கிலிருந்து இடது பக்கம், இடுக்கிலிருந்து வலது பக்கம்.

“அங்கிள், உங்க வியாதிய நீங்கதான் தெனமும் மாட்டிக்கிட்டு நடந்திருக்கீங்க.”

ரப்பர் கெடாமல் இருக்கச் சேர்க்கிற சில ரசாயனங்கள், வியர்வையோடு சேர்ந்து தோலுக்குள் இறங்கும். சிலருடைய தோலில், நிறம் கொடுக்கிற அணுக்களையே அவை சாகடித்துவிடும். எல்லாருக்கும் வராது. வருகிறவனுக்கு, செருப்பின் அச்சு அப்படியே வெள்ளையாக விழும். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “டாக்டர், எங்கப்பா அம்மா ரெண்டு பேரும் எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனவங்க. ஆயுசு பூரா ரப்பர்லயே கெடந்தாங்க. அவுங்களுக்கு ஒண்ணும் ஆகல. மேசைக்குப் பின்னால நிக்கிற எனக்கு ஆகுமா?”

“அவுங்க தொட்டது மரத்துப் பால், அங்கிள். நீங்க மாட்டுனது பேக்டரியில என்னென்னமோ சேத்து வந்தது.”

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை வைத்தார். மறுமுறை வீட்டிலிருந்து கொண்டுபோன என் சிலிப்பர் வாரிலிருந்து வெட்டிய துண்டையும் சில மருந்துகளையும் முதுகில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார்கள். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. எங்கள் பேராக் மாநிலத்தில் வியர்க்காமல் இரு என்பது மீனிடம் நனையாமல் இரு என்பதற்குச் சமம். மின்விசிறிக்கு முதுகைக் கொடுத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கல்யாண விஷயமாக வந்தவர்களிடமெல்லாம் மனைவி, “அவருக்குக் கொஞ்சம் தியானம்” என்றாள். பிளாஸ்திரியைப் பிரித்தபோது, வார்த் துண்டு இருந்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

ரப்பர் செருப்பை அன்றோடு நிறுத்தினேன். தோல் செருப்பு, துணிச் செருப்பு. சில வாரங்களுக்கு ஒரு களிம்பு, அதற்குப் பிறகு வேறொரு களிம்பு, காலை இளவெயில் கொஞ்சம். நிறம் திரும்பினால் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் திரும்பும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் ஆகும். பாதத்தில் முடி குறைவு, மயிர்க்காலிலிருந்துதான் நிறம் முளைத்து வரவேண்டும், அதனால் இன்னும் மெதுவாகத்தான் வரும்.

“முழுசா வருமா டாக்டர்?”

“சத்தியம் பண்ண மாட்டேன். இன்னொண்ணு. சிலிப்பர் படாத எடத்துல எங்கயாச்சும் புதுசா வெள்ளை தெரிஞ்சா உடனே வாங்க. சில பேருக்கு இதுலேர்ந்து வெண்புள்ளி நோய் தொடங்கலாம். அதுவும் ஒட்டாது, உயிருக்கும் ஆபத்தில்ல. ஆனா சீக்கிரம் பாத்தா நல்லது.”

இந்தக் கடைசி வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து என் உடம்பை நானே ரோந்து சுற்றினேன். முழங்கையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைக்கு ஒரு முறை வியர்த்தது. கழுத்தில் மிஞ்சியிருந்த பவுடருக்கு ஒரு முறை. கோயிலிலிருந்து வந்து, வைத்ததை மறந்து, கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். “திருநீறு!” என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

மகள் இன்னொரு குண்டையும் போட்டாள். “அவருகிட்ட நான் சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் நெனைக்கல. ஆனா அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும். மேடையில பாத்துத் தெரிய வேணாம்.”

அத்தை என்பது மாப்பிள்ளையின் அம்மா. வார்த்தையைச் சில்லறையாகக்கூட எடுத்து வெளியே விடாத பெண்மணி. நாங்கள் பாகான் டத்தோவுக்குப் போனபோது நடுப்பகல், கடல்காற்றுகூடச் சூடாக வீசியது. சம்பந்தி வழக்கம்போல மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் வாசலுக்கு வந்து கைகூப்பினார். இந்த மனிதருக்கு வேர்க்காதா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். பலகாரத் தட்டு வந்தது. நான் எழுதி மனப்பாடம் செய்திருந்ததெல்லாம் மறந்துபோய், காலுறையைக் கழற்றிக் காலை நீட்டிவிட்டேன்.

சம்பந்தியம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து பார்த்தார்.

“ஒட்டுமாண்ணே?”

“ஒட்டாதுங்க.”

“புள்ளைங்களுக்கு வருமா?”

“இது சிலிப்பர்னால வந்தது, வராதுன்னு டாக்டர் சொன்னாங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்காது. “ஆனா வேற எடத்துல புதுசா வந்தா அப்ப வந்து காட்டச் சொல்லியிருக்காங்க.”

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “சரி. சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சம்பந்தி சட்டைக் கைப்பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழி முழுக்க நான் அந்தச் ‘சரி’யைப் பிரித்துப் பார்த்தேன். “சரின்னா சரிதானேப்பா” என்றாள் வண்டியோட்டிய மகள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடுத்த வாரங்களில் வீட்டுத் தொலைபேசி அடித்தாலே, கல்யாணத்தை நிறுத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவேன். எடுத்தால் பந்தல்காரர், இல்லாவிட்டால் பூக்காரர். பாகான் டத்தோவிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. வெள்ளையின் ஓரத்தில் மட்டும் மிளகுத்தூள் மாதிரி நாலைந்து புள்ளிகள் வந்தன. அவற்றைத் தினமும் பார்த்துப் பார்த்து வெட்கப்படுத்தினேன்.

கல்யாண நாள் காலையில், அலங்காரம் செய்ய வந்த பெண் என் காலைப் பார்த்து, “அங்கிள், பவுண்டேஷன் போட்டு மறைச்சிரவா?” என்று கேட்டாள். எனக்கு ஆசைதான். மகள் கண்ணாடியிலிருந்து திரும்பாமலே, “வேணாம். பால் ஊத்துனா கரைஞ்சி அவரு கையெல்லாம் ஒட்டும்” என்றாள்.

மேடையேறினோம். பட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாம்பாளத்தில் கால் வைத்தேன். மாப்பிள்ளையும் மகளும் முன்னால் உட்கார்ந்தார்கள். மேளம் ஒரு மூச்சு நிறுத்திய நேரம். படம் எடுக்கிற தம்பி எங்கோ பின்னாலிருந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினான்.

“அண்ணே! வெள்ளச் சிலிப்பரக் கழட்டிட்டு ஒக்காருங்கண்ணே! பூஜைல சிலிப்பரா?”

எல்லாத் தலைகளும் திரையைப் பார்த்தன. அங்கே என் கால்கள், இரண்டு படகுகள் அளவில், இரண்டு வெள்ளை வார்களோடு. மகளின் கை பால் செம்பில் அப்படியே நின்றது. என் மனைவி என் விரலைப் பிடித்து நசுக்கினாள். தம்பி மறுபடி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்றிருந்த சம்பந்தியம்மாவின் குரல் வந்தது.

“அது கழட்ட முடியாத சிலிப்பரு லா தம்பி. ரப்பர் ஒத்துக்காம வந்தது. நீ படத்தப் புடி.”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. என் டயர்க் கடைக் கூட்டாளியாக இருக்கலாம். பிறகு மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்ததில் பால் கொஞ்சம் வெளியே சிந்தியது. மாப்பிள்ளை குனிந்து, அந்த வெள்ளையின் மேலேயே மஞ்சளை நிதானமாகப் பூசினார்.

பந்தியில் சம்பந்தியம்மா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“அன்னிக்கிப் பாத்ததுக்கு ஓரத்துல கொஞ்சம் கறுத்திருக்கு.”

அவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்த டாக்டரம்மாவ எப்படிப் பாக்கறதுன்னு சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு முழங்கையிலயும் செதிலு செதிலா உரியுது, வெள்ளி மாதிரி. வருசக்கணக்கா. ஒருத்தர்கிட்ட காட்ட மாட்டேங்கிறாரு, தோப்புல வேல செய்யறப்பகூட முழுக்கைச் சட்டைதான். நீங்க அன்னிக்கி வீட்டுல வந்து கால நீட்டுனீங்களே, அதுலேர்ந்து தூக்கமில்லாம யோசிச்சிக்கிட்டு இருக்காரு.”

எதிர்வரிசையின் கோடியில், விசிறிக்குத் தள்ளி, பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் சம்பந்தி தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கைப்பொத்தானை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மஞ்சள் இன்னும் காயாத என் காலை, அவர் கண்ணில் படும்படி கொஞ்சம் முன்னால் நீட்டிவைத்தேன்.